புள்ளி வச்ச வரி

இந்தப் பேய், பிசாசு, ஆவி, இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கெடையாதுங்க. இப்பவும் கெடையாதுன்னுதான் வெளியில சொல்லிக்கிட்டுத் திரியுதேன். எவனாவது கம்மாக்கரையில வெள்ளச் சேலையப் பாத்தேன்னு ஆரம்பிச்சா, சேலைக்கு பார்டர் என்ன கலருடான்னு கேட்டு வாயடைக்கிற ஆளு நான். அதனால நீங்க நம்பாமப் போனா எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, உங்க எடத்துல நான் இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா ஒண்ணு, ராத்திரி பன்னண்டு மணி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம், அதெல்லாம் எதிர்பாக்காதீங்க. இது நடந்தது ஞாயித்துக்கெழமை மத்தியானம், நல்ல வெயில்ல, ஒரு கூட்டமே சாப்புட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு உக்காந்திருந்த எடத்துல.

என் பேரு மணி. ராஜபாளையத்துல கரோக்கி ட்ராக் பண்ணிக் குடுக்குறதுதான் என் பொழப்பு. பாட்டுல பாடகர் குரல் மட்டும் இருக்காது, மத்த வாத்தியம் எல்லாம் இருக்கும், ஸ்க்ரீன்ல வரி வரும், எழுத்து கலரு மாற மாற நீங்க பாடிக்கிட்டே போகணும், அதுதான். இப்ப நெறைய பேரு ஒரிஜினல் பாட்டை சாஃப்ட்வேர்ல போட்டு குரலை மட்டும் உருவிருதாங்க. உருவுனாலும் அடியில கொஞ்சம் குரல் ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கும், எனக்கு அது ஆகவே ஆகாது. நான் ஒவ்வொரு வாத்தியத்தையும் கீபோர்டுல உக்காந்து முதல்ல இருந்து வாசிச்சுச் சேப்பேன். என் ட்ராக்குல யாரு குரலும் இருக்காது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பொறவு நீங்களே கேப்பீங்க.

எங்களுக்கு ஒரு ராக் பேண்டு இருந்துச்சு. சிரிக்காதீங்க, ராஜபாளையத்துல ராக் பேண்டு இருக்கக் கூடாதா? பேண்டு பேரு மின்வெட்டு. அப்ப ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் கரண்டு போகும்னு உங்களுக்கே தெரியும், நாங்க பிராக்டிஸ் ஆரம்பிச்சாலே போயிரும், அதனால அதையே பேரா வச்சுட்டோம். சீனி கிட்டார், நான் கீபோர்டு, டிரம்ஸ் அடிச்சவன் பொறவு துபாய்க்குப் போயி அங்கனயே செட்டில் ஆயிட்டான். பாடுறது பாண்டி. சீனி வீட்டு மாடியில பஞ்சு மூட்டைக்கு நடுவுலதான் பிராக்டிஸ், கீழ இருந்து அவங்க அம்மா தெலுங்குலயே திட்டிக்கிட்டு இருப்பாங்க, நாங்க அதையும் பாட்டோட சேத்துக்கிடுவோம்.

பாண்டியப் பத்திச் சொல்லணும். கரண்டு போச்சுன்னா கிட்டார் செத்துரும், கீபோர்டு செத்துரும், மைக் செத்துரும், அவன் மட்டும் நிறுத்த மாட்டான். தொடையில தாளம் தட்டிக்கிட்டு வெறும் தொண்டையிலயே பாடிக்கிட்டு இருப்பான், திரும்ப கரண்டு வரும்போது நாங்க அவன் எங்க நிக்கானோ அங்க போயிச் சேந்துக்கிடணும். அதுதான் எங்க பேண்டுல சட்டம். கல்யாண வீட்டுல ஒரு தடவ மூணு பாட்டு அப்படியே மைக் இல்லாமப் பாடினான், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. அவன்கிட்ட ஒரே ஒரு கொறை. வரியோட கடைசி எழுத்துல சுருதி ஒரு நூலு கீழ எறங்கிரும். ரொம்ப இல்ல, ஒரு நூலு. மத்தவங்க காதுக்குத் தெரியாது, எனக்கு அரிக்கும். "ஏலே, கடைசியில தொங்குதடா"ன்னு நான் கத்துவேன், "தொங்கட்டும்டா, அதுதான் என் கையெழுத்து"ன்னு சொல்லுவான். எம்புட்டு சண்டை தெரியுமா அந்த ஒரு நூலுக்கு.

பொறவு ஆளாளுக்குப் பொழப்பைப் பாத்துப் போயிட்டோம். பாண்டி மில்லுல ஷிப்டு வேலைக்குச் சேந்தான், கோமதியக் கட்டினான், ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. வருஷம் ஓடிருச்சு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த மில்லை மூடிட்டாங்க. அதுல அவன் கொஞ்ச நாளு ஒடுங்கிப் போயிட்டான், பேச்சே கொறஞ்சுபோச்சு, டீக்கடையில பாத்தாக்கூட கைய மட்டும் தூக்குவான். சீனிதான் ஒரு நாளு, வாங்கடா இன்னொரு பாட்டுப் போடுவோம், மின்வெட்டு திரும்ப வந்திருச்சுன்னு ஊருக்குச் சொல்லுவோம்னு ஆரம்பிச்சான். நாப்பது வயசுக்கு மேல தொப்பையும் நரையுமா ராக் பேண்டான்னு நான் கேட்டேன். ஆனா பாண்டி மறுநாளே ஒரு மெட்டோட வந்து நின்னான். அந்த மொகத்தை நீங்க பாத்திருக்கணும்.

கரண்டு போனாலும் பாட்டு நிக்காது, அதுதான் பல்லவி. வரியெல்லாம் அவனே எழுதுனது. ரெண்டாவது சரணம் முடியுற எடத்துல, 'சங்கு ஊதி முடிஞ்சிருச்சு, சைக்கிள் சத்தம் கேக்குதா'ன்னு ஒரு வரி வரும், மில்லுச் சங்கு ஊதி ஷிப்டு விட்டு வீட்டுக்கு வாரவன் சொல்லுத மாதிரி. அதுக்கு அடுத்து ஒரே ஒரு வரிதான் பாக்கி. அந்த எடத்துல மட்டும் எப்பவும் தந்தன தானானன்னு தத்தகாரமாப் பாடிட்டுப் போயிருவான். என்னடா வரின்னா, "அது மைக் முன்னால நின்னு பாடும்போது கேளுங்க, இப்பச் சொன்னா ருசி போயிரும்"ங்கான். சீனி எம்புட்டோ கெஞ்சிப் பாத்தான், அவன் அசையலையே. கோமதிக்குக்கூடத் தெரியாது, அவளும் அன்னைக்குத்தான் கேக்கணும்னான். வாத்தியம் எல்லாம் நான் வாசிச்சு முடிச்சாச்சு, ஞாயித்துக்கெழமை அவன் குரலை ரெக்கார்டு பண்ணுறதா இருந்துச்சு.

வெள்ளிக்கெழமை அவன் போயிட்டான்.

அய்யனார் கோவில் ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கான். கீழ வெயில் அடிக்கும், மேல மலையில மழை பேஞ்சிருக்கும், வெள்ளம் திடீர்னு பாஞ்சு வந்துரும், இந்த ஊருக்காரன் எவனுக்கும் அது புதுசு இல்ல. அடிச்சுக் கொண்டுபோயிருச்சு, சாயங்காலமாக் கீழ ஒரு பாறை இடுக்குல எடுத்தாங்க. அவன் சட்டை, போன், வாச்சு, செருப்பு எல்லாம் மேல ஒரு பாறையில அடுக்கி வச்சிருந்துச்சு. குளிக்கப் போற மனுசன் அப்படித்தான வைப்பான்? ஆனா ஊரு வேற மாதிரி பேசிச்சு. மில்லு மூடினதுல இருந்து ஆளு ஒரு மாதிரியா இருந்தான்லா, தண்ணி வார சத்தம் கேட்டும் ஏறாம நின்னிருக்கான், எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுத் தானாத்தான் எறங்கிட்டான்னு பேச்சு. கோமதியோட சொந்தக்காரங்களே பேசினாங்க. பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள, உங்க அப்பா வேணும்னே செத்துட்டாராமேன்னு அவன் மககிட்ட கேட்டிருக்கு. அந்தப் புள்ள வீட்டுல வந்து அதையே அம்மாகிட்ட கேட்டிருக்கு. கோமதிக்கு என்ன பதில் சொல்லத் தெரியும்? அவளுக்கே தெரியாதே. அவ அழுததைவிட அந்தக் கேள்வியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதுதான் எங்களால பாக்க முடியல.

வேற ஆளை வச்சு அந்தப் பாட்டைப் பாட வைக்க எங்களுக்கு மனசு வரல. கொஞ்ச மாசம் கழிச்சு சீனிதான் சொன்னான், குரலே இல்லாம விட்டுருவோம்டா, கரோக்கியாவே விட்டுருவோம், யாருக்குப் பிடிக்குதோ அவங்க பாடட்டும்னு. உலகத்துல எந்தப் பேண்டும் திரும்பி வாரப்ப இப்படிப் பாடகர் இல்லாத ட்ராக்கோட வந்திருக்காது. நான் வீடியோ பண்ணினேன். அந்தப் பாக்கி வரிக்கு வந்தப்ப என்ன போடுறதுன்னு தெரியல. அந்த சாஃப்ட்வேர்ல ஒண்ணுமே எழுதாம விட்டா கலரு ஓடாது, பாட்டும் வரியும் தாளம் தப்பிப் போயிரும். அதனால வரிசையாப் புள்ளி வச்சேன். பாடுறவங்களுக்கு மெட்டுத் தெரியணும்னு அந்த எடத்துக்கு மட்டும் புல்லாங்குழல்ல மெல்லிசா வாசிச்சு வச்சேன். அவன் குரலு அதுல ஒரு துளி கெடையாது, ரெக்கார்டு பண்ணினாத்தான இருக்கும்? பாண்டி பாடுனதே அதுல இல்ல.

பாட்டு நல்லாவே ஓடுச்சுங்க. ஊரு ஊராப் பாடி அனுப்பினாங்க. புள்ளி வச்ச எடத்துல சிலரு முனங்குவாங்க, சிலரு லல்லல்லான்னுவாங்க, ஒருத்தரு அந்த எடத்துல தண்ணி குடிச்சாரு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கரோக்கி சங்கம் இருக்கு. ரிட்டயர்டு ஆளுங்க, நர்ஸம்மா, பால்கோவாக் கடைக்காரரு, இப்படிப் பலதரப்பட்டவங்க, ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஒரு சின்ன கல்யாண மண்டபத்து மாடியில கூடி ஆளுக்கு ஒரு பாட்டு. சவுண்டுக்கு நான் போவேன். அங்க ஒரு வழக்கம், யாராவது வரிய விட்டுட்டு முழிச்சா மத்தவங்க எல்லாரும் சேந்து எடுத்துக் குடுக்கணும், ஆளைத் தனியா நிக்க விடக் கூடாது. சுப்பையா அய்யான்னு ஒருத்தரு, பட்டாளத்துல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, வ. புதுப்பட்டியில இருந்து பஸ் ஏறி வருவாரு. மனுசன் தங்கம், ஆனா சுருதிக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தையே கெடையாது. அவரு ஒரு நாளு எங்க பாட்டை எடுத்தாரு. பல்லவி எல்லாம் வழக்கம் போலப் படுகொலை. ரெண்டாவது சரணம் வந்துச்சு, சைக்கிள் சத்தம் கேக்குதான்னு முடிச்சாரு, அடுத்து புள்ளி ஓடுது, அந்த எடத்துல அவரு பாடினாரு:

"கொண்டியப் போடாத, வந்துருதேன்."

சுருதி சுத்தமா. சுப்பையா அய்யா வாயில இருந்து சுத்தமான சுருதி. கடைசி எழுத்துல மட்டும் ஒரு நூலு எறக்கம்.

நான் அப்ப அதைப் பெருசா எடுத்துக்கல. சத்தியமாச் சொல்லுதேன். ஆளு சொந்தமா ஒரு வரி போட்டுக்கிட்டாரு, நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன். கொண்டின்னா எங்க பக்கம் கதவோட தாழ்ப்பாளு, இரும்புக் கொக்கி. ஷிப்டு முடிஞ்சு வாரவன் அப்படிச் சொல்லுறது பாட்டுக்குப் பொருத்தம்தான. அந்த நூலு எறக்கம் மட்டும் காதுல செத்த நேரம் உறுத்திக்கிட்டு இருந்துச்சு.

அந்த வாரமே தளவாய்புரத்துல இருந்து ஒரு டீச்சரம்மா பாடி வாட்ஸப்ல அனுப்பினாங்க. அவங்க யாரோ எவரோ, சங்கத்துக்கு வந்ததே இல்ல, சுப்பையா அய்யாவைத் தெரியாது. நான் டீ குடிச்சுக்கிட்டே கேட்டேன். அதே எடத்துல, அதே வரி. கொண்டியப் போடாத, வந்துருதேன். டம்ளரைக் கீழ வச்சுட்டேன். போன் போட்டு, இந்த வரி எங்க பிடிச்சீங்க டீச்சர்னா, அவங்க சாதாரணமா, "ஸ்க்ரீன்ல வந்துச்சே சார், அதைப் பாத்துத்தான பாடினேன்"ங்காங்க. அவங்க போன்ல இருந்த வீடியோவையே வாங்கிப் பாத்தேன். புள்ளிதான். அந்தக் குரலை எடுத்துச் சுருதி பாக்குற சாஃப்ட்வேர்ல போட்டேன். நல்லாப் பாடுற அம்மா, மத்த வரி எல்லாம் கோடு போட்ட மாதிரி நிக்கிது, அந்த ஒரு வரியில, கடைசி எழுத்து மட்டும், அவன் தொங்குத மாதிரியே தொங்குது. எத்தனை வருஷம் திட்டின கொறை அது, எனக்குத் தெரியாதா? அந்த ஒரு எழுத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேங்க. பயத்துலன்னு நெனைக்காதீங்க, அவனை அம்புட்டுத் தேடிருச்சு அந்த நேரத்துல.

கோமதிகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு சீனியும் நானும் ஒரு நாளு முழுக்கப் பேசினோம். கடைசியில சும்மா ஒரு வார்த்தை கேப்போம், பாண்டி இந்த வரிய யாருகிட்டயாவது சொல்லியிருப்பான், அது எப்படியோ பரவியிருக்கும்னு போனோம். அவ வீட்டுல நைட்டி தச்சுக்கிட்டு இருந்தா. டீச்சரம்மா பாட்டைப் போட்டேன். அந்த வரி வந்ததும் மிஷினு நின்னுபோச்சு. காலு அப்படியே பெடல்ல இருக்கு.

"இத யாருண்ணே உங்களுக்குச் சொன்னா?"ன்னா.

அது அவங்க வீட்டுக்குள்ள உள்ள பேச்சாம். ரெண்டாவது ஷிப்டு முடிஞ்சு வர நேரமாகும், இவ கொண்டியப் போட்டுட்டு அசந்து தூங்கிருவா, அவன் கதவைத் தட்டுனா தெருவே முழிச்சிரும். அதனால வீட்டை விட்டுக் கெளம்புறப்ப எல்லாம், பகலோ ராத்திரியோ, கடைக்குப் போனாக்கூட, விளையாட்டா அதையே சொல்லிட்டுப் போவானாம். கொண்டியப் போடாத, வந்துருதேன். கல்யாணம் ஆனதுல இருந்து. வேற ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது அது?

"அன்னைக்கு மட்டும் நான் வீட்டுல இல்லண்ணே, தச்ச துணியக் குடுக்கப் போயிட்டேன். அவரு சொல்லிட்டுப் போனாரா, சொல்லாமப் போனாரான்னு எனக்குத் தெரியாது. அது தெரியாமத்தான் நான் தெனமும் செத்துக்கிட்டு இருக்கேன்"ன்னு சொல்லி அழுதா. சீனி எந்திரிச்சு வெளிய போயிட்டான். எனக்குப் போக எடமில்ல, தைச்சு வச்ச நைட்டிக்கு நடுவுல உக்காந்திருந்தேன், நானும் அழுதேன்.

செத்த நேரம் கழிச்சு மொகத்தைத் துடைச்சுக்கிட்டு, அந்தப் பட்டாளத்துக்காரரு பாடுறதை நேருல கேக்கணும்ணேன்னா.

சரின்னு அடுத்த ஞாயித்துக்கெழமை சீனி கார்ல அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனோம். சங்கத்துல எல்லாருக்கும் அவ யாருன்னு தெரிஞ்சிருச்சு, நர்ஸம்மா ஓடிவந்து கையப் பிடிச்சு உக்கார வச்சாங்க. நான் சுப்பையா அய்யாகிட்டப் போயி, அந்தப் பாட்டை ஒரு தடவ பாடுங்கய்யான்னேன். பாடினாரு. ரெண்டாவது சரணம் வந்துச்சு, சைக்கிள் சத்தம் கேக்குதா, அடுத்து புள்ளி ஓடுது, மனுசன் "ம்ம் ம்ம்ம்"னு முனங்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம். போன தடவ பாடின வரிய ஏன்யா விட்டீங்கன்னா, "எந்த வரி? அங்கன புள்ளிதான வச்சிருக்கே. இருந்தாப் பாட மாட்டேனாடே?"ங்காரு. வெளையாடல, மெய்யாவே அவருக்கு ஞாபகம் இல்ல. மத்தவங்களைக் கேட்டேன், பாதிப் பேரு பாடினாருங்காங்க, பாதிப் பேரு நாங்க கவனிக்கலைங்காங்க.

கோமதி மொகத்தைப் பாக்க முடியல. இம்புட்டுத் தூரம் அந்த ஒரு வரிக்காக வந்தவ. பிளாஸ்டிக் சேர் நுனியில உக்காந்து முந்தானையத் திருகிக்கிட்டே இருந்தா. கெளம்புவோம்மான்னு சீனி சொன்னான். அவ எந்திரிச்சா, ஆனா வாசப்பக்கம் போகல, நேரா மைக்கைப் பாத்து வந்தா. "நான் பாடுதேண்ணே"ன்னா.

அவ பாடி நான் கேட்டதே இல்ல. அவன் சுருதியில உள்ள ட்ராக்கு, பொம்பளைக் குரலுக்குக் கீழ, மாத்தித் தரவான்னேன், வேண்டாம்னுட்டா. குரலு நடுங்குது, தாளம் முன்னபின்னப் போகுது. சுப்பையா அய்யா துண்டை வாயில வச்சுக்கிட்டாரு. ரெண்டாவது சரணத்துக்கு வந்துட்டா. 'சங்கு ஊதி முடிஞ்சிருச்சு'ன்னு எடுக்கும்போது டப்புன்னு கரண்டு போச்சு.

ஃபேன் நின்னுச்சு, ஸ்பீக்கர் நின்னுச்சு, பெரிய ஸ்க்ரீன் போச்சு. என் லேப்டாப் மட்டும் பேட்டரியில ஓடுது, சத்தம் கெடையாது, வரி மட்டும் கலரு மாறிக்கிட்டுப் போகுது. கோமதி நிறுத்தல. செத்த மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, வெறும் தொண்டையில, சைக்கிள் சத்தம் கேக்குதான்னு பாடி முடிச்சா. அங்க நின்னா. லேப்டாப்புல முதல் புள்ளி கலரு மாறுச்சு. சங்கத்து வழக்கப்படி யாராவது எடுத்துக் குடுக்கணும், ஒருத்தரும் வாயத் தெறக்கல, தெறந்திருந்தா எனக்குத் தெரியும், எல்லாரும் என் முன்னாலதான உக்காந்திருந்தாங்க.

அப்ப மாடிப்படிப் பக்கம் இருந்து கேட்டுச்சு. சத்தமா இல்லைங்க. செருப்பை மாட்டிக்கிட்டே ஒருத்தன் வீட்டுக்குள்ள பாத்து லேசாப் பாடுத மாதிரி.

கொண்டியப் போடாத, வந்துருதேன்.

கடைசி எழுத்து ஒரு நூலு கீழ எறங்குச்சு. அதைக் கொறைன்னு நான் இனி எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

கோமதி படியப் பாத்துத் திரும்பினா. அழல. வீட்டுக்குள்ள இருந்து பதில் சொல்லுத மாதிரி, ரொம்பச் சாதாரணமா, "போடலங்க, வாங்க"ன்னா. கரண்டு வந்துச்சு, ஸ்பீக்கர்ல கடைசிப் பல்லவி அதிர்ந்துச்சு, பாதிப் பேரு பயந்து சேரை விட்டு எந்திரிச்சிட்டாங்க.

சுப்பையா அய்யா, "எவன்லே அது படியில?"ன்னு கத்திக்கிட்டே ஓடினாரு. படியில நாங்க கழட்டிப் போட்ட செருப்பு மட்டும்தான் கெடந்துச்சு. நர்ஸம்மா கேட்டேங்காங்க, பால்கோவாக் கடைக்காரரு ஒண்ணும் கேக்கலைங்காரு, சீனி இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கான். நான் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுல அந்தக் குரலு இல்ல. கோமதி பாடுறது இருக்கு, பொறவு ஒரு வரி நீளத்துக்கு அமைதி, பொறவு அவ போடலங்க வாங்கன்னு சொல்லுறது இருக்கு. தாளம் பிசகாம, அடுத்த வரி எடுக்க வேண்டிய எடத்துல சொல்லியிருக்கா.

திரும்பி வாரப்ப கார்ல அவ ஒண்ணுதான் சொன்னா. "ஞாயித்துக்கெழமை எனக்குப் பாடிக் காட்ட இந்த வரிய வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த மனுசன், வெள்ளிக்கெழமை தானாப் போயி எறங்குவாராண்ணே?" பதில் அதுலயே இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் மகளை மடியில இழுத்து வச்சு, உங்க அப்பா குளிக்கத்தான்டி போனாரு, வந்துருதேன்னு சொல்லிட்டுத்தான் போனாருன்னு சொல்லியிருக்கா. அந்தப் புள்ள அதுக்குப் பொறவு யாரு கேட்டாலும் தலை நிமிந்து அதையே சொல்லுதாம். ஆவியோ என்ன எழவோ, எனக்கு அது போதும்.

இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்கிருப்பேன். அதுக்குப் பொறவு யாரும் அந்த எடத்துல அந்த வரியப் பாடல, பழையபடி லல்லல்லாதான். ஒரு வாரம் கழிச்சு வீடியோவைக் குடுக்க கோமதி வீட்டுக்குப் போனேன். அவன் போனதுல இருந்து அவ ஒரு நாளும் கொண்டி போட்டதில்லையாம், கதவுக்கு ஒரு சேரை முட்டுக் குடுத்துட்டுத்தான் படுப்பாளாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வந்த அன்னைக்குத்தான், சரி, சொல்லிட்டாரு, இனி நாம நிம்மதியாத் தூங்குவோம்னு மொத தடவையாக் கொண்டியப் போட்டுட்டுப் படுத்திருக்கா. காலையில எந்திரிச்சுப் பாத்தா கொண்டி கழண்டு தொங்குது, கதவு லேசாத் தெறந்து கெடக்கு.

புள்ள எடுத்திருக்கும்னேன். அவளால எடுக்க முடியாதுண்ணேன்னா. நானே போட்டுப் பாத்தேன். துருவேறுன பழைய கொண்டி, கதவை முழங்காலால முட்டித் தூக்கினாத்தான் கழலுது, எனக்கே மூச்சு வாங்கிருச்சு. வெளிய இருந்து விரல் நொழைக்க ஒரு சந்து கெடையாது. உள்ள இருக்குற ஆளுதான் அதை எடுக்க முடியும்.

நான் அவ மொகத்தைப் பாத்தேன். அவ டீயை ஆத்திக்கிட்டே, பயமும் இல்லாம அழுகையும் இல்லாம சொன்னா.

"காலை ஷிப்டுக்குக் கெளம்பிப் போயிருப்பாருண்ணே."